கைராசிப் பெட்டிக்கடை

மாநிலத்தின் வரலாற்றில் பொன் எழுத்தால் பொறிக்க வேண்டிய செய்தி ஒன்றை முதலில் சொல்லிவிட வேண்டும். பொன் விற்கிற விலைக்குச் சாதாரண மையே போதும். படித்த பிள்ளைகள் பட்டம் வாங்கிய கையோடு மாநிலத்தை விட்டுப் போவது ஒரு பிரச்சினையே அல்ல என்று அரசு நியமித்த வல்லுநர் குழு ஆராய்ந்து கண்டுபிடித்துவிட்டது. அது வளர்ச்சியின் அடையாளம். இனி அதை 'வெளியேற்றம்' என்று யாரும் சொல்லக் கூடாது. 'திறன் பாய்ச்சல்' என்றுதான் சொல்ல வேண்டும். போனவர்கள் ஒருநாள் அனுபவத்தோடு திரும்புவார்கள். அவர்களை வரவேற்க 'வேர் நோக்கி' என்று ஒரு திட்டமும் தயார். குழுத் தலைவர் பல வருஷமாக வெளிநாட்டில் இருப்பவர் என்பதால் திரையில் தோன்றித்தான் அறிக்கையை வெளியிட்டார். அங்கே அப்போது விடியற்காலை. மேலே கோட்டும் டையும் பளபளத்தன. பேசி முடித்து மரியாதைக்கு எழுந்து நின்றபோதுதான் கீழே அரைக்கால் டிரவுசர் என்று தெரிந்தது.

எங்கள் ஊருக்குத் திறன் எப்போதோ பாய்ந்து வற்றிவிட்டது. ஊரில் ஒரு கல்லூரி இருக்கிறது. அதன் காம்பவுண்டுச் சுவரில் வெளியூர் போய் வேலையில் சேர்ந்தவர்களின் படங்களை வரிசையாக ஒட்டுவார்கள். சுவர் போதாமல் போய்ப் பக்கத்துக் காலிமனைக்காரரின் சுவரையும் கேட்டு வாங்கினார்கள். அவர் பையனும் அதில் இருந்ததால் கொடுத்துவிட்டார். அரசு ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே மெஷின் போர்வை போர்த்திக்கொண்டு கிடக்கிறது. பள்ளிக்கூடத்தில் கணக்கையும் வேதியியலையும் டிரில் மாஸ்டரே பார்த்துக்கொள்கிறார். பிள்ளைகள் நல்ல திடகாத்திரமாக இருக்கிறார்கள். பூட்டிக் கிடக்கிற வீடுகளுக்கு வெள்ளையடிக்கச் சொல்லி வெளியூரிலிருந்து பணம் வருகிறது. வெள்ளையடிக்க ஆளும் வெளியூரிலிருந்தே வருகிறான். அவன் ஊரில் யார் வெள்ளையடிக்கிறார்களோ தெரியாது.

இத்தனைக்கும் நடுவில் கடைத்தெருவில் ஓகோ என்று நடந்த கடை ஒன்றே ஒன்றுதான். பெட்டிக்காரர் கடை. சூட்கேஸ், தோள்பை, இழுத்துக்கொண்டு போகிற டிராலி. முன்பக்கம் கடை, பின்பக்கம் வீடு. பெட்டிக்காரருக்குக் கைராசி என்று பேர். அவரிடம் பெட்டி வாங்கிப் போன பிள்ளை, போன இடத்தில் நிலைத்துவிடும் என்று ஊரே நம்பியது. பரீட்சை முடிவு வந்தால் அப்பா, அம்மா, பிள்ளை மூவரும் வருவார்கள். பெட்டியைத் திறந்து வைத்து, பிள்ளையின் சட்டை ஒன்றை வாங்கி, முதல் துணியாக அவரே உள்ளே மடித்து வைப்பார். "போ கண்ணு. இது திரும்பி வராத பெட்டி" என்பார். அம்மாக்காரி அழுவாள். அப்பன்காரன் சில்லறை கேட்பான்.

இந்த ராசிக்கு ஒரு சட்டம் உண்டு. அவர் கடையில் விற்ற பெட்டி மறுபடி கடை வாசல் ஏறக் கூடாது. சக்கரம் உடைந்தாலும் சரி, ஜிப் பல்லிளித்தாலும் சரி, பின்சந்து வழியாகத்தான் கொண்டுவர வேண்டும். அங்கே அவர் மனைவி மெழுகுவர்த்தியும் கோணி ஊசியுமாக உட்கார்ந்திருப்பாள். ஜிப்புக்கு மெழுகு தேய்ப்பதிலிருந்து பிடிக்குத் தையல் போடுவது வரை எல்லாம் அவள் கைதான். ராசி அவர் கையில், வேலை இவள் கையில்.

அவர்களுக்கு ஒரே பெண். உள்ளூர்க் கல்லூரியில் டயாலிசிஸ் டெக்னீஷியன் படிப்பு. படித்து முடித்ததும் கடையிலேயே உயர்ந்த சிவப்புப் பெட்டியோடு போனாள். தூரத்துப் பெருநகரத்தில் பெரிய ஆஸ்பத்திரி. "ஏழாவது மாடி" என்பார் பெட்டிக்காரர், ஏதோ மாடியையே அவள்தான் கட்டின மாதிரி.

அவள் போன மூன்றாம் வருஷம் பெட்டிக்காரருக்குச் சிறுநீரகம் இரண்டும் சுருங்கிவிட்டன.

வாரத்துக்கு இரண்டு நாள் பக்கத்து நகரத்துக்கு பஸ். ஆற்றுப் பாலம் தாண்டி இரண்டு மணி நேரம். அங்கே நாலு மணி நேரம் மெஷினில் படுக்க வேண்டும். திரும்பி வரும்போது ஆள் பிழிந்து போட்ட துணியாக ஜன்னலோரம் சாய்ந்திருப்பார். இடது கையில் குழாய் போடுவதற்காக ரத்தநாளங்களை ஒட்டித் தைத்த இடம் புடைத்திருக்கும். தொட்டால் உள்ளே ரத்தம் குறுகுறுவென்று ஓடுவது தெரியும். பஸ்ஸில் யாரும் இடித்துவிடாமல் அந்தக் கையை அவர் மனைவி தன் மடியில் வைத்துக்கொள்வாள். தண்ணீர் அளந்துதான் குடிக்க வேண்டும். தாகத்துக்கு ஐஸ் துண்டை வாயில் அடக்கிக்கொள்வார். உப்பு கிடையாது. வாழைப்பழம் கிடையாது.

"ஒரு வாய் உப்புப் போட்டுத்தான் கொடேன்."

"போடறேன். அப்புறம் உங்களைத் தூக்கிட்டுப் போக நாலு பேர் வேணும். இந்த ஊர்ல நாலு பேர் எங்க இருக்காங்க?"

பக்கத்து டீக்கடை மாஸ்டர் இதைக் கேட்டுச் சிரிப்பார். "அண்ணி சொல்றது கரெக்ட். எல்லாரையும் அண்ணன்தான் பெட்டி குடுத்து அனுப்பிட்டாரே."

அந்தச் சமயத்தில்தான் எங்கள் அரசு ஆஸ்பத்திரிக்கு நாலு டயாலிசிஸ் மெஷின் வந்தது. கட்டில் வந்தது, தண்ணீரைச் சுத்திகரிக்கிற பிளான்ட் வந்தது, ஏசி வந்தது. அமைச்சர் வந்து ரிப்பன் வெட்டினார். வெட்டின கத்தரியை யாரோ எடுத்துப் போய்விட்டார்கள் என்பதைத் தவிர விழா குறையில்லாமல் நடந்தது. அதன் பிறகு அறை பூட்டப்பட்டது. ஓட்ட ஆள் இல்லை. ஊர்க் கல்லூரி வருஷா வருஷம் ஒரு வகுப்பு நிறைய அந்தப் படிப்புக்கே ஆள் தயாரிக்கிறது. எல்லாரும் சுவரில் இருக்கிறார்கள்.

சூப்பிரண்டெண்ட் டாக்டர் ஒருநாள் கடைக்கே வந்தார். நல்ல மனுஷன். மூன்று டாக்டர் வேலையை ஒருத்தராகப் பார்த்துப் பார்த்து நின்றுகொண்டே தூங்கப் பழகியவர்.

"உங்க பொண்ணு இந்தப் படிப்புதானே?"

"ஆமா சார். அங்க ஏழாவது மாடியில..."

"மாடி கிடக்கட்டும். இங்க வருவாளா? அவ வந்தா நீங்க பஸ் ஏற வேண்டாம். இன்னும் பத்துப் பன்னெண்டு பேர் இருக்காங்க, அவங்களும் ஏற வேண்டாம்."

பெட்டிக்காரர் ஒரு பெட்டியின் தூசியைத் தட்டினார். தூசி இல்லை.

"சார், ஹோட்டல்காரன் வீட்ல பட்டினி கிடந்தா வெளிய தெரியாது. பெட்டிக்காரன் பொண்ணு திரும்பி வந்தா? ரிசல்ட் வர்ற சமயம் வேற."

பின்கட்டிலிருந்து குரல் வந்தது. "உங்க காலை டாக்டர்கிட்ட காட்டுங்க. விரலால அழுத்தினா குழி விழுது. அது நெறையறதுக்குள்ள நான் ஒரு ஜிப்பு மாத்திடறேன்."

"நீ சும்மா இரு."

"சும்மாதான் இருக்கேன். நான் பெத்த பொண்ணு அங்க யார் யார் ரத்தத்தையோ கழுவிட்டிருக்கா. பெத்த அப்பன் இங்க பஸ்ஸுக்குக் கை காட்டிட்டிருக்கார். நான் என்னத்தச் சொல்ல?"

பெண்ணே போனில் கேட்டாள். "அப்பா, நான் வந்துடறேன்ப்பா."

"வந்து?"

"வந்து உங்களைப் பாத்துக்கறேன்."

"என்னைப் பாக்க உங்கம்மா இருக்கா. உன்னைப் பாத்துத்தான் இந்தக் கடைக்கு ஜனம் வருது. நீ இருந்த இடத்துலயே இரு."

மழைக்காலம் வந்தது. அந்த வருஷ மழை யாரையும் கேட்டுக்கொண்டு பெய்யவில்லை. ஆற்றில் வெள்ளம் வந்து பாலத்தின் நடுத்துண்டு உட்கார்ந்துவிட்டது. பஸ் நின்றது. பெட்டிக்காரருக்கு ஒரு முறை தவறியது. அடுத்த முறையும் தவறியது. முகம் ஊதிக் கண் இடுங்கிவிட்டது. படுத்தால் மூச்சு வாங்குகிறது என்று சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே இருந்தார். அரை மைல் தூரத்தில் நாலு மெஷினும் ஏசியில் இருந்தன.

"நர்ஸுக்கு போன்லயே சொல்லிக் குடுத்து ஓட்டலாமா டாக்டர்?" என்று மனைவி கேட்டாள்.

"அம்மா, ரத்தம் முழுக்க வெளிய வந்து உள்ள போகணும். ஒரு காத்துக் குமிழி போனா முடிஞ்சுது. போன்ல கேட்டுச் செய்ய இது சமையல் இல்லம்மா."

அவர் சொன்னது சரிதான். அவளுக்கும் தெரியும். அதனால்தான் முதல் முறை தவறிய அன்றே, புருஷனுக்குத் தெரியாமல், பெண்ணுக்கு போன் போட்டிருந்தாள். அவள் சொன்னது மூன்றே வார்த்தை. "பெட்டியை எடுடி பாப்பா."

பெண் ஆற்றின் அக்கரை வரை ரயிலும் லாரியுமாக வந்து, மணல் அள்ளுகிற படகில் இக்கரை சேர்ந்து, சேற்றில் சிவப்புப் பெட்டியை இழுத்துக்கொண்டு நடந்தாள். வழியில் ஒரு சக்கரம் போய்விட்டது. காலையில் கடை வாசலுக்கு வந்து நின்றபோது முழங்கால் வரை சேறு.

பெட்டிக்காரர் கடையை ஒட்டின அறையில் சாய்ந்திருந்தார். பெண்ணைப் பார்த்தார். பெட்டியைப் பார்த்தார். மூச்சுக்கு நடுவில் அவர் சொன்னதை டீ மாஸ்டரே காதால் கேட்டார்.

"பின்... பக்கமா... கொண்டு வா."

அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு சந்து வழியாகப் பின்பக்கம் போய் வைத்துவிட்டு, சேற்றைக் கூடக் கழுவாமல் ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

பூட்டைத் திறந்ததும் உடனே ஓட்டிவிட முடியவில்லை. மாதக்கணக்கில் தேங்கின தண்ணீர். பிளான்ட்டைக் கழுவி, மருந்து ஓட்டி, மருந்து வாடை போகிற வரைக்கும் மறுபடி தண்ணீர் ஓட்டி, சோதித்துப் பார்த்தாள். "சீக்கிரம்மா" என்றார் டாக்டர். "தண்ணி சரியில்லாம எங்கப்பாவை இல்ல, எதிரியைக் கூடப் படுக்க வைக்க மாட்டேன்" என்றாள். பிற்பகலில் அப்பாவின் கையில் ஊசி ஏற்றினாள். அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். குழாயில் ரத்தம் ஓடத் தொடங்கியது. சாயங்காலம் அவர் கேட்ட முதல் கேள்வி: "யாராவது பாத்தாங்களா?"

"என்னத்தப்பா?"

"பெட்டியை."

மறுநாளிலிருந்து மற்ற நோயாளிகள் வர ஆரம்பித்தார்கள். கொத்தனார் மனைவி வந்தாள், சித்தாள் வேலை பார்த்தவள், இப்போது சட்டி தூக்க முடியாதவள். ஓய்வுபெற்ற தபால்காரர் வந்தார். நாலு கட்டிலும் நிறைந்தன. வேலை உத்தரவு இல்லை, சம்பளம் இல்லை. டாக்டர் தன் பொறுப்பில் சாவியைக் கொடுத்திருந்தார். பெண் தன் ஆஸ்பத்திரியில் லீவு சொல்லியிருந்தாள்.

கடையில் பெட்டிக்காரர் இன்னொரு கணக்குச் சொன்னார். "லீவுல வந்திருக்கா. போயிடுவா." கேட்டவர்கள் தலையாட்டிவிட்டுத் தெருக்கோடிக்குப் போய் அவரவர் கணக்கைச் சொன்னார்கள். அங்கே ஏதோ கைகலப்பாம். இல்லையில்லை, காதல் தோல்வியாம். வேலையை விட்டே துரத்திவிட்டார்களாம். போன பிள்ளை திரும்பி வந்தால் அதற்கு ஒரு அசிங்கமான காரணம் இருந்தாக வேண்டும் என்பது எங்கள் ஊர்க்காரர்களின் உறுதியான கொள்கை. பெற்ற தகப்பன் உயிர் பிழைத்தது காரணமாக யாருக்கும் தோன்றவில்லை.

அமைச்சர் மறுபடி வந்தார். 'வேர் நோக்கி' திட்டத்தில் இதுவரை ஒருத்தரும் திரும்பியிருக்கவில்லை; இவள் ஒருத்தி அகப்பட்டாள். கட்டிலருகே நின்று அவள் கையைக் குலுக்கினார். போட்டோக்காரர் பெட்டிக்காரரிடம், "ஐயா, உங்க முகம் வாட்டமா இருக்கு, அந்தப் பக்கம் திரும்பிக்கங்க" என்றார். ஒரு வாரத்தில் ஊரெங்கும் போஸ்டர். பெண் சிரிக்கிறாள். தலைக்கு மேலே ஆள் உயர எழுத்து: 'திரும்பி வந்தாள்!' அதில் ஒன்றைப் பெட்டிக்கடைக்கு எதிர்ச்சுவரில் ஒட்டினார்கள். மறைக்க வழியே இல்லை. பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்தவர்கள் போஸ்டரைப் பார்த்தார்கள், கடையைப் பார்த்தார்கள், நேரே நடந்தார்கள்.

"அண்ணே, ஒண்ணு போஸ்டரைக் கிழிங்க, இல்லாட்டி கடையை மாத்துங்க" என்றார் டீ மாஸ்டர். "நீங்களும் டீ போட ஆரம்பிச்சுடாதீங்க, எனக்குப் போட்டி ஆயிடும்."

போஸ்டரின் பசை காய்வதற்குள் சுகாதாரத் துறையின் உத்தரவு வந்தது. டாக்டர் அவளைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"திட்டத்துல வேலை குடுக்கணும்னா, வெளிய முழுசா அஞ்சு வருஷம் இருந்திருக்கணுமாம். உனக்கு நாலுதான் ஆகுது."

"அதனால?"

"நீ வந்திருக்கே. ஆனா திரும்பி வந்ததா ஆகாது."

"போஸ்டர் ஒட்டியிருக்காங்களே டாக்டர்?"

"போஸ்டர் செய்தித் துறை. வேலை சுகாதாரத் துறை." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நியமனம் இல்லாத ஆளு மெஷினைத் தொடக் கூடாது, ரூமைப் பூட்டிச் சாவியை அனுப்புன்னு எனக்கு மெமோ. பெரிய இடத்துல கேட்டுப் பாத்தேன். ஒரு வருஷம் போயிட்டு வரச் சொல்லுங்க, அப்புறம் கண்டிப்பா போட்டுடலாம்னாங்க."

அவள் சிரித்தாள். போஸ்டரில் இருக்கிற சிரிப்பு இல்லை.

அறை பூட்டின அன்று கொத்தனார் மனைவி வராந்தாவிலேயே உட்கார்ந்திருந்தாள். "நீ போயிட்டா நாங்க என்னம்மா பண்றது?" என்றாள். பெண் அவள் கையிலிருந்த பழைய கட்டைப் பிரித்துப் புதுசு போட்டுவிட்டாள்.

வீட்டில் அன்று யாரும் சாப்பிடவில்லை. "நான் போகலப்பா. பஸ்ஸுல கூட வந்துட்டு இங்கயே இருக்கேன்" என்றாள் பெண்.

"இருந்து? மெஷினுக்குப் பூட்டு. அங்க வேலையும் போயிடும். நீ பஸ்ஸுல என் கையைப் பிடிச்சுட்டு வரவா நாலு வருஷம் படிச்சே? அதுக்கு உங்கம்மா போதும். அவ படிக்கவே இல்ல."

"ஒரு வருஷம்ப்பா."

"ஒரு வருஷம்தானே. நான் எங்க போயிடப் போறேன்? திரும்பி வராத பெட்டியைத்தான் இத்தனை நாள் வித்தேன். ஒண்ணு திரும்பி வர்ற பெட்டியா இருக்கட்டும்."

மனைவி சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "அந்த அமைச்சரை ஒரு வருஷம் ஒண்ணுக்குப் போகாம இருக்கச் சொல்லு. அப்புறம் பேசலாம்."

சிவப்புப் பெட்டிக்குப் புதுச் சக்கரம் அம்மாவே போட்டாள். பெட்டிக்காரர் முதல் துணியை மடித்து வைத்தார். பெண் பழக்கதோஷத்தில் பின்பக்கம் திரும்பினாள்.

"இப்படி வா. முன்பக்கமா போ. எல்லாரும் பாக்கட்டும்."

எல்லாரும் பார்த்தார்கள். டீ மாஸ்டர் கிளாஸைக் கழுவாமல் பிடித்துக்கொண்டு நின்றார். அவள் தெருக்கோடி திரும்புவதற்குள் ஒரு குடும்பம் கடைக்குள் ஏறியது.

பெட்டிக்காரர் மறுபடி பஸ் ஏறினார். பாலம் கட்டி முடிகிற வரைக்கும் ஆற்றைச் சுற்றிக்கொண்டு வேறு வழி, மூன்றரை மணி நேரம். கொத்தனார் மனைவி சில மாதம் அதே பஸ்ஸில் வந்தாள். அப்புறம் அவள் சீட்டு காலியாக இருந்தது. அடுத்த மழைக்காலம் தொடங்கின வாரத்தில், மாற்றுப்பாதையில் லாரி புதைந்து பஸ் வெகுநேரம் நின்றபோது, பெட்டிக்காரர் மனைவியின் தோளில் சாய்ந்து தூங்கினார். வண்டி கிளம்பியபோது அவள் மடியில் இருந்த கையைத் தொட்டுப் பார்த்தாள். உள்ளே குறுகுறுப்பு ஓடவில்லை. அவள் யாரிடமும் சொல்லாமல் கையைப் பிடித்தபடியே நகரம் வரை போனாள். சொன்னால் வழியில் இறக்கிவிடுவார்கள்.

பெண் வந்தாள். சந்துப் பக்கம் போனவளை அம்மா நிறுத்தினாள். "முன்பக்கமாவே வாடி. இனி யார் ராசி கெடப் போவுது."

ஐந்து வருஷம் அதற்கு அடுத்த மாதம் முடிந்தது. வேலை உத்தரவு சொன்னபடியே வந்தது. அந்த விஷயத்தில் அரசைக் குறை சொல்ல முடியாது. அவள் சாவி வாங்கப் போனாள். அறை திறந்தே இருந்தது. உபயோகத்தில் இல்லாத மெஷின்கள் என்று நாலையும் அமைச்சரின் ஊர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அங்கேயும் ஓட்ட ஆள் இல்லை. "சேர்ந்துக்கம்மா, சம்பளம் வரும்" என்றார் டாக்டர். "சேர்ந்து என்னத்த டாக்டர் ஓட்டறது, ஏசியையா?" என்றாள். ஏசியையும் கழற்றியிருந்தார்கள் என்பதை அப்புறம்தான் கவனித்தாள். அமைச்சரின் ஊருக்கு மாற்றிக் கேட்டாள். நியமனம் இந்த ஆஸ்பத்திரிக்கு மட்டும்தான் செல்லும் என்றார்கள். இரண்டு வாரம் பார்த்துவிட்டுப் போய்விட்டாள். அம்மாவைக் கூப்பிட்டாள். அம்மா வரவில்லை.

கடையை இப்போது அம்மாதான் நடத்துகிறாள். முதல் துணி வைக்கிற வழக்கத்தை நிறுத்திவிட்டாள். ஆனாலும் விற்பனை குறையவில்லை. போஸ்டர் மழையில் நைந்து, 'திரும்பி' மட்டும் மிச்சம் இருக்கிறது.

போன வாரம் சூப்பிரண்டெண்ட் டாக்டர் கடைக்கு வந்து, பெரிய சைஸில் ஒன்று வாங்கிக்கொண்டு போனார்.